வாய்வழி எதுவும் கூடாது

மனித உடம்புக்குள் வாயில் தொடங்கி ஆசனவாயில் முடிகிற பாதை ஒன்றே ஒன்றுதான். ஏறக்குறைய முப்பது அடி. ஒரு ரஸ்க் துண்டு அதைக் கடக்க ஒரு நாளோ இரண்டு நாளோ எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் வட எல்லையில் சுப்பீரியர் ஏரியைப் பார்த்தபடி நின்ற அந்த ஊர் மருத்துவமனையில் அதே பாதை நான்கு துறைகளாகவும் மூன்று மாடிகளாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. அதைக் கடக்க எத்தனை நாளாகும் என்று ரூடி நிக்குலா விசாரித்தபோது, இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று வரவேற்பு மேசைப் பெண் பெருமையோடு சொன்னாள்.

ரூடியின் மனைவி ஐலிக்குத் திங்கட்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. பெருங்குடலில் கட்டி. டாக்டர் பிராண்ட்வோல்ட் அதை வெட்டியெடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே நடைக்கூடத்துக்கு வந்தார். நல்ல மனிதர். கட்டியை எடுத்தாயிற்று, ஆனால் கல்லீரல் முழுக்கப் பரவியிருக்கிறது, கிறிஸ்துமஸைப் பார்த்தால் பெரிய விஷயம் என்றார். இனி ஐலி கேட்பதையெல்லாம் கொடுங்கள் என்றும் சொன்னார்.

ரூடிக்கு அப்போது கேட்கத் தோன்றியது ஒன்றுதான். "காபியில நனைச்ச ரஸ்க் குடுக்கலாமா, டாக்டர்?"

"தாராளமா. ஆனா இப்ப குடல் தூங்குது. தொட்டாலே தூங்கிடும், அது அப்படித்தான். முழிச்சதும் காத்து பிரியும். அதுதான் அதோட கொட்டாவி. அதுக்கப்புறம் ரஸ்க், காபி, எது வேணும்னாலும் குடுங்க."

இதைச் சொல்லிவிட்டு டாக்டர் காட்டுக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை மான் வேட்டைக் காலம் தொடங்குகிறது. குடிசையைச் சுத்தம் செய்ய வேண்டும், விறகு வெட்ட வேண்டும். அந்தப் பக்கத்தில் நவம்பர் மாதத்தில் காட்டுக்குப் போன மனிதனை யாரும் தேடுவதில்லை. இறந்தவனைப் போலத்தான் அவனும், மரியாதையோடு விட்டுவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஐலி கண் விழித்தாள். "ரூடி, காபி," என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமைதோறும் அவள் ஏலக்காய் போட்ட இனிப்பு ரொட்டி சுடுவாள். மிஞ்சியதைத் துண்டு துண்டாக நறுக்கி, பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவி, அடுப்பில் மறுபடி காய வைப்பாள். அந்த ரஸ்க்கைக் காபியில் தோய்த்து மூன்று வரை எண்ண வேண்டும். இரண்டில் எடுத்தால் பல்லை உடைக்கும், நான்கில் எடுத்தால் கோப்பைக்குள் உடைந்து விழும். ஐம்பத்திரண்டு வருடமாக அவர்களுடைய காலைகள் எல்லாம் இப்படித்தான் விடிந்தன.

ஆனால் அவள் கட்டிலுக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்கியது: வாய்வழி எதுவும் கூடாது. டானெட் என்ற நர்ஸ் ஒரு குச்சியின் நுனியிலிருந்த இளஞ்சிவப்புப் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஐலியின் உதட்டைத் துடைத்தாள். ஐலி அந்தப் பஞ்சைப் பற்களுக்கிடையில் பிடித்து உறிஞ்சிவிட்டாள். டானெட் குச்சியை மெதுவாக வெளியே இழுத்தாள்.

"நனைக்கத்தாம்மா குடுக்குறது. உறிஞ்சக் கூடாது."

பிறகு கட்டிலில் தொங்கிய குறிப்பு அட்டையைப் பார்த்துக் கேட்டாள். "காத்து பிரிஞ்சுதாம்மா?"

"இல்லை," என்றாள் ஐலி. தேவாலயக் காணிக்கைத் தட்டிலிருந்து காசு எடுத்தாயா என்று யாரோ கேட்டதைப் போலச் சொன்னாள்.

இந்த இடத்தில் அந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாத்தா காலத்தில் பின்லாந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பங்கள் அவை. நீராவிக் குளியலறையில் ஆணும் பெண்ணும் துணியில்லாமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வருட உருளைக்கிழங்கு விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதில் அவர்களுக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் அந்தக் குடும்பங்களில் யாருக்கும் காற்று பிரிந்ததே இல்லை. நிக்குலா வீட்டில் எப்போதாவது ஏதாவது கேட்டால் நாயை வெளியே அனுப்புவார்கள். நாய் செத்துப்போன பிறகு நாற்காலியைப் பழுதுபார்க்க வேண்டுமென்று பேசிக்கொள்வார்கள்.

அன்று மதியம் ரூடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது போர்வைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லியது, நீளமானது, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் கெட்டில் போடுகிற கடைசி முனகலைப் போல. ரூடி ஏரியைப் பார்த்தார். ஐலி கூரையைப் பார்த்தாள்.

"பனி விழும் போலிருக்கு," என்றார் ரூடி.

"விழும்," என்றாள் ஐலி.

அந்தச் சத்தத்தின் பொருள் ரூடிக்குத் தெரியும். குடல் கொட்டாவி விட்டுவிட்டது. அவர் மனதுக்குள் காபி கொதித்தது. மாலையில் டானெட் வந்து கேட்டாள். ஐலி இல்லை என்றாள். ரூடி தன் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவியைப் பொய்க்காரி என்று வேற்று மனிதர் முன்னால் சொல்வதா? அதுவும் இந்த விஷயத்திலா? காலமெல்லாம் காப்பாற்றிய மரியாதையை உடைக்காமலே பலகையைக் கழற்ற வேறு வழி இருக்கும் என்று அவர் நினைத்தார். இவ்வளவு பெரிய மருத்துவமனை, இத்தனை படித்தவர்கள். கட்டாயம் இருக்கும்.

வழி இருந்தது. அதைத் தரையிலேயே வரைந்து வைத்திருந்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் சிகாகோவிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர், நோயாளி விழுங்கும் உணவு பல உறுப்புகள் வழியாகப் போகிறது, ஆனால் அதற்கு எந்த அதிகாரியும் பொறுப்பில்லை என்று கண்டுபிடித்தாராம். அன்றிலிருந்து வாய் ஒரு துறைக்கு, இரைப்பை ஒரு துறைக்கு, சிறுகுடல் ஒரு துறைக்கு, பெருங்குடல் ஒரு துறைக்கு. தரையில் ஒரு சிவப்புக் கோடு மூன்றாவது மாடியில் கிளம்பி, இரண்டாவது மாடியில் வளைந்து வளைந்து, நிலவறையில் முடிந்தது. பலகையைக் கழற்ற ஒரு வழித்தடச் சீட்டு வேண்டும். சீட்டில் நான்கு துறையும் கையெழுத்திட வேண்டும், உணவு போகிற வரிசையிலேயே.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ரூடி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்த்துறைக்குள் நுழைந்தார்.

அதன் தலைவி மிஸ் ஹார்க்னஸ் மேசைமேல் பிளாஸ்டிக் பல்வரிசை ஒன்றை வைத்திருந்தாள். அதைத் திறந்து திறந்து மூடியபடியே பேசினாள். எச்சில் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் சுரக்கிறது, அதிலேயே மாவுச்சத்து கரையத் தொடங்கிவிடுகிறது, நாக்கு உணவை உருட்டிப் பின்னால் தள்ளுகிறது, அந்த நொடியில் மூச்சுக்குழாயின் மேல் ஒரு சின்ன மூடி விழுகிறது என்றெல்லாம் சொன்னபோது அவள் குரல் கனிந்தது. ரூடிக்கு அது அழகாகக்கூட இருந்தது.

"அப்ப என் மனைவியைப் பரிசோதிச்சு கையெழுத்துப் போட்டுடுங்களேன் மேடம்."

"விழுங்க வெச்சுப் பார்த்தாத்தானே பரிசோதனை, சார். அவங்க தலைமேல பலகை இருக்கே. வாய்வழி எதுவும் கூடாது."

"அந்தப் பலகையைக் கழட்டத்தான் கையெழுத்து."

"சரிதான். கையெழுத்துக்குத்தான் பரிசோதனை." அவள் சிரமத்தைப் புரிந்துகொண்டவளைப் போலத் தலையசைத்தாள். "எங்களை எல்லாரும் தப்பா நினைக்கிறாங்க. எங்க பொறுப்பு தொண்டை வரைக்கும். ஒருத்தருக்கு இரைப்பையே இல்லைன்னு வைங்க, ஆனா அழகா விழுங்குறாரு, எங்க கணக்குல அவருக்கு நூத்துக்கு நூறு. போன வருஷம் இறந்துபோனவங்கள்ல எண்பத்தொன்பது சதவீதம் பேர் நல்லா விழுங்கினவங்க. மாநிலத்துலயே நாங்கதான் முதல்."

கடைசியில் விதிப்புத்தகத்தில் ஓர் இடுக்கு கிடைத்தது. நோயாளியால் முடியாதபோது வீட்டார் ஒருவர் பிரதிநிதியாக விழுங்கலாம். ரூடி ஒரு உப்பு பிஸ்கட்டை மென்று விழுங்கினார். மிஸ் ஹார்க்னஸ் அவர் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தொண்ணூற்றெட்டு மதிப்பெண். சீட்டில் முத்திரை விழுந்தது. மூன்றாவது மாடியிலிருந்து இறங்கும்போது ரூடிக்கு இரண்டு மதிப்பெண் எங்கே போயிற்று என்று வருத்தமாயிருந்தது. கோப்பையைப் பிடித்துக்கொண்டு மூன்று எண்ணுகிற மனிதர் அவர். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை.

இரைப்பைத் துறையில் மதியம் வரை காத்திருந்தார். டாக்டர் வெண்ட்வொர்த் அவரை உள்ளே அழைத்து, உட்காரச் சொல்லாமலே இரைப்பையின் பெருமையை விளக்கினார். அதிலிருக்கும் அமிலம் இரும்பைக்கூட அரிக்கும். வருவது எதுவானாலும் கூழாக்கிவிடும். ஆனால் தன்னை மட்டும் அது கரைத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் உள்ளே வழவழவென்று ஒரு பூச்சு இருக்கிறது.

"இந்தத் துறையும் அதே தத்துவத்துலதான் ஓடுது, நிக்குலா. புகார் வரும். நாங்க அதைச் சுழற்றுவோம், பிசைவோம், நாலு மணி நேரத்துல கூழாயிடும். எங்களை ஒண்ணும் பண்ணாது. அந்தப் பூச்சு சில நாளைக்கு ஒருமுறை புதுசாகுமாம். நாங்களும் தலைவரை மாத்திக்கிட்டே இருப்போம். நான் திங்கட்கிழமைதான் வந்தேன்."

"அப்ப உங்களால கையெழுத்து…"

"போட முடியும். என் கையெழுத்துக்கு வெள்ளி வரைக்கும் மதிப்பு இருக்கு."

போட்டுக் கொடுத்தார். சீட்டு அவர் கையிலிருந்து வந்தபோது ஓரங்கள் மடங்கிக் கசங்கியிருந்தது. ரூடி அதைத் தொடையில் வைத்து நீவிக்கொண்டு நடந்தார்.

மாலையில் அறைக்குத் திரும்பியபோது ஐலி பஞ்சுக்குச்சியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னம் ஒரே நாளில் உள்ளே போயிருந்தது. எங்கே போயிருந்தாய் என்று கேட்டாள். வாய்க்கும் இரைப்பைக்கும் போய்வந்தேன் என்றார். இன்னும் எவ்வளவு தூரம் என்றாள். சிறுகுடல் இருக்கிறது, இருபது அடி இருக்குமாம் என்றார்.

"நடந்து போற மனுஷனுக்கு அது ஒரு தூரமா," என்றாள் ஐலி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வீட்டுக்குப் போனால் அங்கிருக்கும் தகர டப்பாவை எடுத்து வரச் சொன்னாள். ரஸ்க் நமுத்துப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

சிறுகுடல் என்பது இரண்டாவது மாடியில் எட்டு முறை மடங்கித் திரும்பும் ஒரு நடைக்கூடம். அதன் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, ஒவ்வொரு மேசையிலும் ஒருவர். சிறுகுடலின் உள்சுவரில் லட்சக்கணக்கான நுண்விரல்கள் இருக்கின்றன, கடந்து போவதிலுள்ள சத்தையெல்லாம் அவை உறிஞ்சிக்கொள்கின்றன என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை முழுக்க ரூடி அந்த நுண்விரல்களைக் கடந்தார். முதல் மேசையில் ஐலியின் பிறந்த தேதியை வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவதில் அவள் தாயாரின் நோய்களை. அடுத்ததில் ஒவ்வாமை. அதற்கடுத்ததில் அவளுக்கு என்னதான் சாப்பிட ஆசை என்று கேட்டார்கள். ரூடி உற்சாகமாக ஏலக்காயிலிருந்து தொடங்கி மூன்று எண்ணுவது வரை சொன்னார். அந்த மேசைக்காரி கண் கலங்கி அதையெல்லாம் எழுதிக்கொண்டு, இது எங்கள் ஆண்டறிக்கைக்கு மிகவும் பயன்படும் என்றாள். பதினோராவது மேசையைத் தாண்டும்போது ரூடியிடம் சொல்வதற்கு எதுவும் மிஞ்சவில்லை. தன் பெயரைக் கேட்டால்கூடக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

கடைசி மேசைக்காரர் கையெழுத்திட்டுவிட்டு எழுந்து வந்து, தரையில் மஞ்சளாகப் போட்டிருந்த கோடு வரை ரூடியைக் கொண்டுவிட்டார். கோட்டை மிதிக்காமல் நின்றார்.

"எங்க எல்லை இதோட முடியுது சார். இதுக்கு மேல வெறும் சக்கைதான். அது கீழ இருக்கிறவங்க பாடு."

ரூடிக்கு அந்த நிற்றல் நன்றாகத் தெரிந்ததாக இருந்தது. முப்பத்தொரு வருடம் அவர் மாவட்டச் சாலைகளில் பனி வாரும் வண்டி ஓட்டியவர். மாவட்ட எல்லைக்கல் வந்ததும் வண்டியின் முன்தகட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். அதுதான் விதி. எல்லைக்கு அந்தப் பக்கம் இருபது கஜத்தில் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டுப் பெண் இடுப்பளவு பனியில் மண்வாரியோடு நின்று அவரைப் பார்ப்பாள். ஒவ்வொரு குளிர்காலமும் பார்ப்பாள். ரூடி கையசைத்துவிட்டுத் திரும்புவார். அது ஒரு நல்ல ஊழியன் செய்வது என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தார். இப்போது மஞ்சள் கோட்டின் மறுபக்கத்தில் நின்றுகொண்டு, அவள் பெயர் என்னவாக இருக்கும் என்று யோசித்தார்.

நிலவறையில் பெருங்குடல் துறை. அங்கே ஆர்லின் ஸ்டப்ஸ் என்பவர் காற்றுப் பதிவாளர். அலமாரி அலமாரியாகப் பேரேடுகள். பெருங்குடல் மிச்சத்திலிருந்து தண்ணீரைப் பிழிந்தெடுக்கிறது, கோடிக்கோடி நுண்ணுயிர்கள் அங்கே குடியிருந்து நமக்காக வேலை செய்கின்றன, அவை விடும் மூச்சுதான் காற்று என்று ஸ்டப்ஸ் சொன்னபோது ரூடி தொப்பியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார். ஸ்டப்ஸ் பேரேட்டில் விரலை ஓட்டினார்.

"நிக்குலா, ஐலி. செவ்வாய் காலை இல்லை. செவ்வாய் மாலை இல்லை. புதன் ரெண்டு வேளையும் இல்லை. இன்னைக்கும் இல்லை. மன்னிக்கணும் சார். பதிவு இல்லைன்னா காத்து இல்லை."

ரூடி சுற்றிலும் பார்த்தார். யாருமில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பிரிஞ்சுது. நான் கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"சத்தத்தை."

ஸ்டப்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய வேலையில் இது அபூர்வம். மூன்றாம் நபர் சாட்சியத்துக்குத் தனிப் படிவம் இருந்தது. எத்தனை மணிக்கு, எவ்வளவு நீளம், ஏறுமுகமா இறங்குமுகமா, அறையில் நாற்காலி உண்டா. எல்லாவற்றுக்கும் ரூடி வியர்த்து வழிந்து பதில் சொன்னார். கடைசியில் சாட்சியின் காதைச் சோதிக்க வேண்டும் என்று ஒரு கருவியைக் காதில் மாட்டினார்கள். முப்பத்தொரு வருடம் டீசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த காது. தேறவில்லை.

"உங்களை நம்புறேன் சார், ஒரு மனுஷனா," என்றார் ஸ்டப்ஸ். "எங்க துறையில எல்லாரும் காத்தை நம்புறவங்கதான். அது வரணும்னு ஜெபம்கூடப் பண்றோம். ஆனா பதிவாளரா பார்த்தா, கேட்காத காதுக்குக் கேட்காத சத்தம் கேட்டிருக்குன்னு நான் எப்படி எழுதுறது? நோயாளி தன் வாயால சொல்லணும். ஒரு வார்த்தை போதும்."

ரூடி மூன்று கையெழுத்துள்ள சீட்டோடு மேலே வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஏரி சாம்பல் நிறமாக இருந்தது. எங்கோ காட்டுக்குள் துப்பாக்கி வெடித்தது. வேட்டைக் காலம் தொடங்கிவிட்டது. ரூடி நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மடியில் தகர டப்பா. ஐலியிடம் கொடுத்தார். அவள் திறந்து ஒரு ரஸ்க்கை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தாள். நமுத்துப் போகவில்லை. திரும்ப வைத்து மூடினாள்.

"ஐலி, நர்ஸ் ஒண்ணு கேட்பாள்ல."

"நான்தான் இல்லைன்னு சொல்லிட்டேனே."

"செவ்வாய்க்கிழமை நான் இங்கதான் இருந்தேன்."

அவள் டப்பாவின் மூடியை இன்னொரு தடவை அழுத்தினாள்.

"நாய் செத்து பதினோரு வருஷம் ஆச்சு, ஐலி."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். காது மடல் சிவந்திருந்தது. சுவரிடம் கேட்டாள். "எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

"கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து."

"நாய் வர்றதுக்கு முன்னாலயே?"

"அதுக்காகத்தானே நாயே வாங்கினேன்."

ஐலியின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ரூடி பயந்து எழுந்தார். அவள் வயிற்றுத் தையலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். வலியில் கண்ணீர் ஓடியது. பாவி, பாவி என்றாள். ஐம்பத்திரண்டு வருஷம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேனே, அத்தனையும் வீணா என்றாள். ரூடியும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"எனக்கு ரொம்ப நாள் இல்லை, இல்லையா," என்றாள். "அதையும் சொல்லாம வெச்சிருக்க."

ரூடி தலையசைத்தார்.

"நர்ஸைக் கூப்பிடுற பொத்தானை அமுக்கு."

டானெட் வந்தாள். அவளுக்குப் பின்னால் குறிப்பேட்டோடு ஆறு நர்சிங் மாணவர்கள். ஐலி தலையணையில் நிமிர்ந்து, தேவாலயத்தில் கீதத்துக்கு எழுந்து நிற்பதைப் போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிரிஞ்சுது. நேத்து ரெண்டு தடவை. இன்னைக்குக் காலையில நீ தலையணை உறை மாத்தினப்ப ஒண்ணு. எழுதிக்கோம்மா. எல்லாம் என்னோடதுதான்."

மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். டானெட்டின் கண்கள் ஈரமாயின. முன்தேதியிட்டு எழுத முடியாது, இன்றையது மட்டும்தான் செல்லும் என்றாள். அதுவே போதும் என்றார் ரூடி. பத்து நிமிடத்தில் நிலவறையிலிருந்து ஸ்டப்ஸின் கையெழுத்து வந்துவிட்டது. அவர் ஓரத்தில் வாழ்த்துகள் என்றுகூட எழுதியிருந்தார்.

பலகையைக் கழற்றுவதற்கு ரூடி கையை உயர்த்தினார். டானெட் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

சீட்டு முழுமையானால் அது பலகை மாட்டிய துறைக்குப் போய், அங்கிருந்து உத்தரவு வர வேண்டும். பலகை மாட்டியது வாய்த்துறை. ஆனால் நிலவறையிலிருந்து மூன்றாவது மாடிக்குக் காகிதம் மேல்நோக்கிப் போகக் கூடாது. உடம்பில் கீழிருந்து மேலே வருவதற்கு வாந்தி என்று பெயர், இந்த மருத்துவமனையில் அதற்கு இடமில்லை என்று விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. ஆகவே ஒரு புதிய சீட்டு மூன்றாவது மாடியில் தொடங்கி, பழைய சீட்டைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, மறுபடி கீழே வர வேண்டும். இந்தத் தடவை யாரும் எதையும் கேட்க மாட்டார்கள், வெறும் முத்திரைதான், ஒரு மணி நேர வேலை என்றாள் டானெட்.

ரூடி சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஓடினார். எழுபத்தாறு வயதில் ஓடினார். மிஸ் ஹார்க்னஸின் மேசைமேல் பல்வரிசை மூடியிருந்தது. கதவில் ஒரு அட்டை: மான் வேட்டை. இரைப்பையிலும் அதே அட்டை. சிறுகுடலின் எட்டு மடிப்பிலும் விளக்கு அணைந்திருந்தது.

சனிக்கிழமை யாரும் வரவில்லை. அவசரத்துக்கு ஒரு தொலைபேசி எண் இருந்தது. அதிலிருந்த குரல், உங்கள் பசி எங்களுக்கு முக்கியம் என்று சொல்லிவிட்டு இசை போட்டது. மதியம் ரூடி கீழே உணவகத்தில் காபி இயந்திரத்தின் முன்னால் நின்றார். ஒரு காகிதக் கோப்பை, ஒரு மூடி. கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனால் யாருக்குத் தெரியும்? ஆனால் காலையில் பணியிலிருந்த வேறொரு நர்ஸ், உத்தரவில்லாமல் எதையாவது கொடுத்துத் தையல் விட்டுப்போனால் அது உங்கள் கையால் நடந்ததாகும் சார் என்று சொல்லியிருந்தாள். உங்கள் கையால். ரூடி தன் கையைப் பார்த்தார். காட்டிலிருக்கும் டாக்டர் சரி என்று சொல்லியிருந்தார். சுவரிலிருக்கும் பலகை கூடாது என்றது. வாழ்நாள் முழுக்க அவர் பலகைகளை மதித்தவர். கோப்பை நிறைந்தது. அவர் அங்கேயே நின்று அதைத் தானே குடித்தார். அது தொண்டையைச் சுட்டது.

அறைக்குள் நுழைந்ததும் ஐலி கண்ணைத் திறக்காமலே மூக்கைச் சுருக்கினாள்.

"குடிச்சிட்டு வர்ற."

"ஆமா."

"கிட்ட வா."

குனிந்தார். அவள் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவள் மூச்சில் மருந்து வாடை அடித்தது. உதடு வெடித்திருந்தது.

"ஊது," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

"ஊதுடா கிழவா. மெதுவா."

ரூடி ஊதினார். அவள் வாயைக் கொஞ்சம் திறந்து அதை உள்ளே இழுத்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. மறுபடி என்றாள். மறுபடி ஊதினார். பால் ஊத்தாம குடிச்சிருக்க, என்றாள். ரூடி ஆமாம் என்றார். மூச்சு தீரும்வரை ஊதிக்கொண்டேயிருந்தார், காபி வாசனை தீர்ந்து வெறும் கிழவனின் மூச்சாக ஆன பிறகும். விதிப்புத்தகத்தில் இதைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு ஐலி, நெஞ்சில் ஏதோ நிற்கிறது என்றாள். காலிலிருந்து ஒரு ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். அது எந்தத் துறையின் கையெழுத்துக்கும் காத்திருக்கவில்லை. ஓடி வந்தவர்கள் எல்லோரும் நன்றாக வேலை செய்தார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. டானெட் போர்வையை ஐலியின் கழுத்துவரை இழுத்து ஒழுங்காக மடித்துவிட்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள் என்று சொல்லிப் போனாள்.

ஒன்பது நாற்பதுக்குக் கதவு தட்டப்பட்டது. சமையலறையில் வேலை செய்கிற, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டியில் ஒரு தட்டு. மூடிய கிண்ணத்தில் தெளிந்த சூப், சிவப்பு ஜெல்லி, ஆப்பிள் சாறு. எந்தத் துறையில் யார் ஞாயிற்றுக்கிழமை வந்து முத்திரை குத்தினார்கள் என்று தெரியவில்லை. நான்கு முத்திரைகளும் இருந்தன. முதல் நிலை உணவு, உத்தரவு உடனே அமல் என்று அச்சடித்த சீட்டு சூப் கிண்ணத்தில் சாய்ந்து நின்றது.

அவள் கட்டிலைப் பார்த்தாள். பார்த்த உடனே புரிந்துகொண்டாள். கையை மார்பில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். வண்டியைத் திருப்பப் போனவள் தயங்கி நின்றாள். தட்டு வந்துவிட்டால் படிவத்தை நிரப்பாமல் திரும்பக் கொண்டுபோகக் கூடாது. மூன்று கட்டங்கள்தான் இருந்தன: முழுவதும் உண்டார், பாதி உண்டார், மறுத்தார்.

"மறுத்ததா போட்டுடவா, ஐயா? வேற கட்டம் இல்லை."

ரூடி அந்தத் தாளைப் பார்த்தார்.

"அவ மறுக்கலைம்மா," என்றார். "ஒருநாளும் மறுக்கலை."

அவள் பேனாவை நிறுத்திக்கொண்டாள்.

ரூடி நாற்காலியைக் கட்டிலோரம் நகர்த்தி உட்கார்ந்து, தட்டை மடியில் வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்தார். சூப்பின் ஆவி முகத்தில் பட்டது. அவர் வயிறு சத்தமாக இரைந்தது. முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. வாயில் எச்சில் ஊறியது. அந்த எச்சிலை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. ஐலி அங்கே படுத்திருக்கும்போது, இந்த நாக்கும் இந்த வயிறும் எப்படி வெட்கமில்லாமல் தயாராகின்றன என்று தோன்றியது. கரண்டியை எடுத்தார். சூப்பில் உப்பு அதிகம். முழுவதையும் குடித்தார். ஜெல்லி கரண்டியிலிருந்து வழுக்கியது, அதைக் கிண்ணத்தின் ஓரத்தில் ஒதுக்கி ஒதுக்கி எடுத்தார். சாற்றுக் குவளையைத் தலைகீழாகப் பிடித்துக் கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருந்தார். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து நின்றபடி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரை அவசரப்படுத்தவில்லை.

"முழுசுன்னு போடும்மா," என்றார்.

அவள் போட்டாள். தாளைத் திருப்பி அவருக்குக் காட்டினாள். நிக்குலா, ஐலி. முழுவதும் உண்டார். ரூடி தலையசைத்தார். வண்டியின் சக்கரச் சத்தம் நடைக்கூடத்தில் தேய்ந்து மறைந்தது. அறையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவருக்குள் சூடான சூப், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.